மலைத்தேனீ வாசலில் ஒரு கல்யாணம்

மூணு வருஷத்துக்கு முந்தி, ஒரு தை மாசம். சங்கரன்கோவில்ல ராஜபாளையம் ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்துல என் ஒரே மகளுக்குக் கல்யாணம் வச்சிருந்தேன். முந்தின நாள் மத்தியானம், தேங்காய் மூட்டையையும் சாமான்களையும் இறக்கணும்னு என் தம்பியைக் கூட்டிக்கிட்டு ஆட்டோவில் போய் இறங்கினேன். இறங்கி அண்ணாந்து பார்த்தவ, அப்படியே நின்னுட்டேன்.

மண்டபத்து முன்வாசலுக்கு மேல, கார் வந்து நிக்கிறதுக்காகக் கான்கிரீட்டில் ஒரு பெரிய போர்ட்டிகோ உண்டு. அதுக்கு அடியில, நட்ட நடுவுல, கறுப்புக் கம்பளியை மடிச்சுத் தொங்கப் போட்ட மாதிரி ஒண்ணு தொங்கிச்சு. அரிசி புடைக்கிற சுளகு ரெண்டைச் சேர்த்து வச்ச அகலம் இருக்கும். இது என்ன கருமம், எவன் இங்க கம்பளியைக் கட்டித் தொங்க விட்டான்னு கேட்க வாயைத் திறந்தேன். அந்தக் கம்பளி ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு மறு ஓரம் வரைக்கும் ஒருதரம் சிலிர்த்து அடங்கிச்சு.

"ஆத்தாடி! தேனீ, அக்கா"ன்னு என் தம்பி தேங்காய் மூட்டையைப் போட்டுட்டு ஆட்டோவுக்குள்ள ஏறிட்டான்.

மண்டபத்து மேனேஜர் ஓடி வந்தார். உள்ள பெயின்ட் வேலைக்காகப் பொங்கலுக்கு முந்தியே மண்டபத்தைப் பூட்டிப் போட்டிருந்தாங்களாம். அந்தச் சமயத்துல எங்கிருந்தோ கூட்டமா வந்து உக்காந்துருச்சாம். பெயின்ட் முடிஞ்சு நடக்கிற முதல் கல்யாணம் எங்களோடதுதான். "நீங்க கவலையே படாதீங்கம்மா. பொழுது சாயவும் ஆள் வருவான், தீப்பந்தம் வச்சு எரிச்சுக் கூட்டித் தள்ளிருவோம்"னு சொன்னார். எரிங்க, நல்லா எரிங்கன்னு நானும் சொல்லிட்டேன். அன்னைக்கு என் வேகத்துக்குக் குறுக்க எது நின்னாலும் எரிக்கத்தான் சொல்லியிருப்பேன்.

என்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லிர்றேன். எனக்குச் சத்தம்னா உசுரு. டவுன்ல தையல் கடை வச்சிருக்கேன். நாள் பூரா மிஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி குரலே அப்படி ஆகிப்போச்சு. நான் ரகசியம் சொன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்னு என் மக கேலி பண்ணுவா. கல்யாணத்துல மத்த எல்லாத்தையும் அளவாப் பார்த்தேன், மேளத்துல மட்டும் கை வைக்கல. நாதஸ்வரம், ஜோடித் தவில், ரேடியோ செட்டு, மாப்பிள்ளை வந்து இறங்கும்போது போட வேட்டு. தாய்மாமன்கிற முறையில வேட்டு என் தம்பி பொறுப்பு. சிவகாசிக்கே போய் ஒரு சாக்கு நிறைய அள்ளிட்டு வந்திருந்தான்.

அதுக்குக் காரணம் இருக்கு. என் கல்யாணத்துக்கு மேளமே கிடையாது. எங்க அப்பா படுத்த படுக்கையாக் கிடந்தார். அவர் கண்ணு மூடுறதுக்குள்ள கட்டி வச்சிரணும்னு, அவர் கட்டிலுக்குப் பக்கத்துலயே வச்சு அவசர அவசரமாத் தாலி கட்டினாங்க. அன்னைக்கே நினைச்சேன், எனக்குப் பொண்ணு பொறந்தா அவ கல்யாணத்துல ஊரு காது கிழியணும்னு.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அப்ப யார்கிட்டயும் சொல்லல. என் வீட்டுக்காரர் தவறிப் போனப்ப மகளுக்குப் பரீட்சை நேரம். நான் உடைஞ்சா அவ உடைஞ்சிருவாளேன்னு கல்லு மாதிரி இருந்தேன். அப்புறம் கடை, கடன், மகள் படிப்புன்னு அழறதுக்குன்னு ஒரு நேரமே வாய்க்கல. தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுவாங்க பாருங்க, தும்மல், அழுகை, ஏச்சு, எந்த அபசகுனமும் அந்த நேரத்துல காதுல விழக்கூடாதுன்னுதானே அது? அந்தச் சத்தத்துக்குள்ள ஒரு தூணுக்குப் பின்னால நின்னு அவரை நினைச்சு ஒருதரம் வாய்விட்டு அழுதுரணும்னு நான் வருஷக்கணக்கா மனசுக்குள்ள எடுத்து வச்சிருந்தேன். ஒருத்தருக்கும் கேட்காது. பொண்ணுக்கும் தெரியாது. மேளம் நின்னதும் முகத்தைத் துடைச்சிட்டுப் பந்தியைப் பார்க்கப் போயிரலாம்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுல இருந்து முதல் ஆளா வந்து இறங்கினது மாப்பிள்ளையோட அக்கா. ராயகிரிக்காரங்க. பெரிய பள்ளிக்கூடத்துல விலங்கியல் டீச்சர். வாய் கொஞ்சம் நீளம், பிள்ளைங்க அவங்க செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்னுரும்னு கேள்விப்பட்டு, என் மகளுக்கு நாத்தனார் இப்படி வாய்க்குதேன்னு நான் உள்ளுக்குள்ள பயந்துகிட்டுத்தான் இருந்தேன். அவங்க வந்தாங்க, வாசல்ல நின்னாங்க, மேல பார்த்தாங்க. கையில இருந்த தாம்பாளத்தை அப்படியே என் கையில குடுத்துட்டு, பட்டுச் சேலையோட ரோட்டோரம் தரையில உக்காந்துட்டாங்க. அந்த முகத்துல இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கல. சாமி பார்க்கிற மாதிரி பார்த்தாங்க.

நான் பெருமையா, "இன்னும் கொஞ்ச நேரந்தான் டீச்சர், எரிக்க ஆள் வந்துகிட்டு இருக்கான்"னேன்.

விருட்டுன்னு எந்திரிச்சாங்க. "எரிக்கப் போறியளா? அத்தை, நாளைக்குக் கல்யாணம் நடக்கணுமா வேண்டாமா?"

அப்புறம் என்னைக் கையைப் பிடிச்சு எதிர்த்தாப்புல இருந்த வேப்பமரத்தடிக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னாங்க. இது மலைத்தேனீயாம். பெட்டியில வளர்க்கிற ஜாதி இல்ல. பொந்து தேடாது, மறைவு தேடாது, உசரமா ஒரு இடத்துல வெட்டவெளியில ஒத்தை அடை கட்டும். அந்த அடைக்கு மேல ஈயெல்லாம் தன் உடம்பையே போர்வையாப் போர்த்திக்கும். நான் கம்பளின்னு நினைச்சது அம்புட்டும் ஈ. அடை உள்ள இருக்குது. மலையில பூ அடங்குறப்ப கூட்டத்தோட கீழ இறங்கி வரும், இங்க முருங்கையும் சூரியகாந்தியும் பூத்து முடியுற வரைக்கும் இருக்கும், வெயில் ஏறினதும் திரும்பிப் போயிரும்.

"தீ வச்சா எல்லாமா சாகும்? பாதி இருட்டுக்குள்ள சிதறிப் போகும். விடிஞ்சதும் கூட்டைத் தேடி இதே இடத்துக்குத்தான் வரும். கூடு இருக்காது. ஆங்காரத்தோட சுத்தும். அந்நேரம் இந்த வாசல்ல யாரு வந்து இறங்குவா? என் தம்பி!"

மாப்பிள்ளைக்குச் சின்னப்பிள்ளையில ஒரே ஒரு குளவி கொட்டி, முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கிச்சாம். தென்காசி ஆஸ்பத்திரியில பிழைச்சதே பெரிசுன்னு டாக்டர் சொன்னாராம். நிச்சயம் பண்ணும்போது இதையெல்லாம் யாரு சொல்லுவா? என் மக கழுத்துல நாளைக்கு ஏறப்போற தாலி என் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

வேற மண்டபம் தேடலாம்னா தை மாசத்துல ஒரு மண்டபமும் காலி கிடையாது. கோயில்ல வச்சுக்கலாம்னா அங்கயும் அன்னைக்கு இடமில்ல. கடைசியில டீச்சர் சொன்னதுதான் வழின்னு ஆச்சு. அதை அது பாட்டுக்கு விட்டுரணும். முன்வாசலைப் பூட்டிட்டு, எல்லாரும் பின்பக்கமா ஆக்குப்புரை வழியா, அதாவது சமையல் நடக்கிற கொட்டகை வழியா, உள்ள வரணும். வாசல்ல கட்டியிருந்த குலை வாழையை அவிழ்த்துப் பின்னால கொண்டு போகச் சொன்னாங்க. இந்தத் தேனீ கொட்டினா அந்த இடத்துல பழுத்த பழ வாசம் மாதிரி ஒண்ணு கிளம்புமாம், அதுதான் மத்த தேனீக்குக் கூப்பாடாம். பழத்தைப் பக்கத்துல வச்சு எதுக்கு வம்புன்னாங்க. போட்டோக்காரர் பறந்து படம் எடுக்கிற ஹெலிகேமைப் பெட்டியிலிருந்து எடுத்தார். டீச்சர் ஒரு பார்வை பார்த்தாங்க. மனுஷன் திரும்பப் பெட்டிக்குள்ள வச்சிட்டார்.

மாப்பிள்ளையைப் பெத்தவங்க, என் சம்பந்தி அம்மா, வந்து விஷயம் தெரிஞ்சதும் ஒரு ஆட்டம் ஆடினாங்க பாருங்க! சகுனம், நேரம், காலம் எல்லாத்துலயும் ரொம்பக் கறார். "என்ன மதினி இது? எம் பிள்ளை ஆக்குப்புரை வழியாவா வரணும்? அவன் மாப்பிள்ளையா, காய்கறி கொண்டு வாரவனா?"ன்னு ரோட்டுலயே கத்த ஆரம்பிச்சாங்க. நான் பதில் தேடிக்கிட்டு நிக்கும்போதே, வேப்பமரத்தடியில நின்ன அவங்க வெள்ளைக் கார் மேலயும், அவங்க வீட்டுக்காரரோட வெள்ளை வேட்டி மேலயும் படபடன்னு மஞ்சள் துளி விழுந்துச்சு. வானத்துல மேகமே கிடையாது. எங்க பார்த்தாலும் பொட்டுப் பொட்டா மஞ்சள். சம்பந்தி அம்மாவுக்குச் சத்தம் நின்னு போச்சு. காரைத் தொட்டுப் பார்த்தாங்க. விரலைக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

"மஞ்சத் தண்ணி தெளிச்சிருக்கா மதினி! கோமதி அம்மனே வந்திருக்கா. இது நல்ல சகுனம்"னு கண்ணு கலங்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஆக்குப்புரை வழி அவங்களுக்குச் சம்மதம்.

டீச்சர் உதட்டைக் கடிச்சுக்கிட்டு என்னைத் தனியா இழுத்துட்டுப் போனாங்க. இந்தத் தேனீங்க கூட்டை அசிங்கம் பண்ணாதாம். சாயங்கால நேரத்துல ஒரு படையே கிளம்பிப் போய் வெளியில வெளிக்கு இருந்துட்டு வருமாம். அதுதான் அந்த மஞ்சள். "நீங்க உசுரு போனாலும் வாயைத் திறக்கக் கூடாது அத்தை"ன்னு சத்தியம் வாங்கினாங்க. நாங்க ரெண்டு பேரும் தேங்காய் மூட்டைக்குப் பின்னால நின்னு சிரிச்ச சிரிப்பு இருக்கே! அவங்ககிட்ட எனக்கிருந்த பயம் அதோட போச்சு.

ஆனா அடுத்து அவங்க சொன்னது என் தலையில இடி. வேட்டு கூடாது, ரேடியோ செட்டு கூடாது, மேளமும் கூடாதாம்.

"வேட்டு சரி. மேளம் உள்ள மேடையிலதானே? தேனீக்குக் காதா இருக்கு?"ன்னு சண்டைக்குப் போயிட்டேன்.

"காது கிடையாது அத்தை. அதிர்வு தெரியும். தவிலை அடிச்சா இந்தத் தூணு வழியா அங்க போயிரும்"னாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. பொய் சொல்லுதாங்கன்னே நினைச்சேன். அப்ப அடிச்சுப் பார்த்துருவோம்னேன். மேளக்காரங்க வந்து உக்காந்திருந்தாங்க. என் தம்பியை உள்வாசல்ல நிறுத்தி, அம்மாவோட வந்திருந்த மாப்பிள்ளையை ரொம்பத் தூரமாப் பின்னால உக்கார வச்சிட்டு, நானும் டீச்சரும் வேப்பமரத்துக்குப் பின்னால நின்னோம். அவன் உள்ள பார்த்துக் கையைக் காட்டினான். தவில் ஒரு தட்டு.

விரிச்ச பட்டுச் சேலையை ரெண்டு பேர் பிடிச்சு உதறினா இந்த முனையில இருந்து அந்த முனைக்கு ஒரு மடிப்பு ஓடுமே, அந்த ஈப் போர்வையில அப்படி ஒரு அலை ஓடிச்சு. ஒவ்வொரு ஈயும் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், அதைப் பார்த்துப் பக்கத்து ஈ தூக்கும், குளவி வந்தா இப்படித்தான் மிரட்டும்னு டீச்சர் காதுக்குள்ள சொன்னாங்க. அலை ஓடினப்ப ஸ்ஸ்னு ஒரு சத்தம். அந்திவெயில் பட்டு ஒவ்வொரு றெக்கையும் மினுங்கிச்சு. பயத்தையும் மீறி, என்ன அழகுன்னு நினைச்சேன். நாள் பூரா துணியிலயே கிடக்கிறவ நான், அப்படி ஒரு பளபளப்பை எந்தப் பட்டுலயும் பார்த்ததில்ல.

ரெண்டாவது தட்டு. இந்தத் தரம் அலை அடங்கல. மேல மேல ஓடிச்சு. அடியில ஓரம் பிரிஞ்சு ஈயெல்லாம் கொத்தாத் தொங்கி, கொஞ்சம் உதிர்ந்து பறக்க ஆரம்பிச்சுது. டீச்சர் என் கையை நெரிச்சாங்க. நான் தம்பியைப் பார்த்து நிறுத்துலேன்னு கையை ஆட்டினேன்.

நாதஸ்வரக்காரப் பெரியவர் மெல்லமா வெளிய வந்து, "முடிவை நீங்க சொல்லுங்கம்மா. கொட்டணும்னா கொட்டுதோம். வேண்டாம்னா கைகட்டி உக்காந்துக்கிடுதோம்"னார்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தாங்க. எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? ஊருல உலகத்துல எத்தனை மண்டபம் இருக்கு, இந்தப் பூச்சிக்கு என் பிள்ளை கல்யாணந்தானா கிடைச்சுது? ஆக்குப்புரைப் பக்கம் மாப்பிள்ளை ஒரு ஸ்டூல்ல உக்காந்து, நடக்கிறது எதுவும் தெரியாத மாதிரி காபி குடிச்சிட்டு இருந்தார். மெலிஞ்ச உடம்பு. காபியை ஊதி ஊதிக் குடிக்கிறதைப் பார்த்தப்ப சின்னப்பிள்ளை மாதிரியே இருந்துச்சு. மேளம் வேண்டாம்னு சொல்லிட்டு, பாத்திர ரூமுக்குள்ள போய் உக்காந்துட்டேன். என் தம்பி எட்டிப் பார்த்து, "ஏக்கா, ஒரே ஒரு ஓலைவெடி மட்டும்?"னான். "ஏலே, மரியாதையாப் போயிரு"ன்னேன். வேட்டுச் சாக்கை அப்பவே ஆட்டோவில் ஏத்தி வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

மறுநாள் விடியக்கருக்கல்ல குளிச்சிட்டு, எப்படி இருக்குன்னு பார்த்துருவோம்னு வெளிய வந்தேன். டீச்சர் எனக்கு முந்தியே வேப்பமரத்தடியில நின்னுகிட்டு இருந்தாங்க. பௌர்ணமிக்கு ஒட்டின நாள். மேற்க மலைப் பக்கம் நிலா பெரிசா இறங்கிக்கிட்டு இருந்துச்சு. ரோட்டுல ஒரு வண்டி கிடையாது. அந்த நிலா வெளிச்சத்துல தேனீ ஒண்ணு ஒண்ணா வந்து அடையில இறங்குச்சு. நிலவு இருந்தா இது ராத்திரியிலயும் பூத்தேடிப் போகுமாம். காலுல மகரந்தத்தை உருட்டி ஒட்டிக்கிட்டு, எந்தக் காட்டுப் பூவுல இருந்தோ வருது. வந்ததும் போர்வைக்குள்ள நுழைஞ்சு காணாமப் போயிருது. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா எது நிலா, எது றெக்கைன்னு கண்ணுக்குப் பிடிபடல. நான் முழிச்சிருக்கேனா, கனவு காணுதேனான்னு சந்தேகமே வந்துருச்சு.

"உள்ள நடுவுல குஞ்சு இருக்கு அத்தை. அதுக்குச் சூடு குறையக் கூடாதுன்னுதான் எல்லாம் இப்படி நெருக்கிப் போர்த்திக்கிட்டு இருக்கு"ன்னு டீச்சர் சொன்னாங்க. முந்தின நாள் இதைத்தான் நல்லா எரிங்கன்னு சொன்னேன். அந்நேரந்தான் அதுமேல இருந்த கோவம் எனக்கு விட்டுப் போச்சு.

கல்யாணக் கூட்டம் வர ஆரம்பிச்சுது. டீச்சர் பின்வாசல்ல நின்னு வர்றவங்ககிட்ட எல்லாம் விஷயத்தைச் சொல்லி, உதட்டுல விரலை வச்சுக் காட்டி உள்ள விட்டாங்க. சொந்தக்காரங்க பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சாம்பார் அண்டாவுக்கும் வடைச் சட்டிக்கும் நடுவுல வந்தாங்க. ராத்திரி சொந்தக்காரங்க வீட்டுல தங்கிட்டு மாப்பிள்ளை வந்தப்ப சமையல்காரங்க கரண்டியை வச்சிட்டு, கையைத் துடைச்சிட்டு வரிசையா நின்னு கும்பிட்டாங்க. எந்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் அந்த மரியாதை?

உள்ள வந்தவங்க எல்லாம் தூளியில பிள்ளை தூங்குற வீட்டுக்கு வந்த மாதிரி மெல்லமாப் பேசினாங்க. மெல்லமாப் பேசினதால பக்கத்துல பக்கத்துல வந்து உக்காந்தாங்க. வருஷக்கணக்காப் பேசாத ரெண்டு பங்காளிங்க காதோட காது வச்சுப் பேசிக்கிட்டு இருந்ததை என் கண்ணால பார்த்தேன். ஐயர் மைக் இல்லாம மந்திரம் சொன்னார். நெய்யி தீயில விழுந்து பொரியுற சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்டுச்சு. என் மக மணவறைக்கு நடந்து வந்தப்ப அவ கொலுசு, வளையல், சேலைச் சரசரப்பு எல்லாம் தனித்தனியாக் கேட்டுச்சு. நான் தைச்ச ரவிக்கை அது. கையைத் தூக்கி மாலையைச் சரி பண்ணினப்ப கொக்கி உரசின சத்தம்கூட எனக்குக் கேட்டுச்சு. தவிலை எல்லாம் துணி போர்த்தி வச்சிட்டு உக்காந்திருந்த நாதஸ்வரக்காரப் பெரியவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார். என்ன அண்ணாச்சின்னு கேட்டேன். "வெளிய யாரோ ஒத்து ஊதுத மாதிரி இருக்கே, கேக்கலையா?"ன்னார். நாதஸ்வரத்துக்குக் கூட விடாம ஒரே சுருதியில ஊதுவாங்களே, அந்த ஒத்து. நானும் காதைக் குடுத்தேன். கதவு, சுவரு எல்லாத்தையும் தாண்டி ம்ம்ம்னு ஒரு ரீங்காரம் இருந்துச்சு. இருந்துச்சா, நானா நினைச்சுக்கிட்டேனா, இப்பவும் சொல்லத் தெரியல.

தாரை வார்த்துக் குடுத்தது என் தம்பியும் அவன் பெண்டாட்டியும். நான் மணவறைக்கு ஓரமா, தூணுக்குப் பின்னால ஒதுங்கி நின்னேன். யாரும் ஒதுங்கச் சொல்லல, நானாத்தான் நின்னேன். தாலியை எல்லார்கிட்டயும் தொட்டுக் கும்பிடக் கொண்டு போய்ட்டுத் திரும்ப வந்தாங்க. மாப்பிள்ளை கையில எடுத்தார். ஐயர் பழக்க தோஷத்துல மேளக்காரங்க பக்கம் கையைத் தூக்கி, "கெட்டி..."ன்னு ஆரம்பிச்சுட்டு, அப்படியே முழுங்கிட்டார்.

சத்தமே இல்ல.

அந்த அமைதியில என் நெஞ்சுக்குள்ள இருந்தது கிளம்பிருச்சு. மேளம் இல்ல, வேண்டாம், இப்ப வேண்டாம்னு முந்தானையைச் சுருட்டி வாயில அமுக்கினேன். நிக்கல. என் வீட்டுக்காரர் அந்த மணவறைக்குப் பக்கத்துல வேட்டி கட்டி நிக்கிற மாதிரியே இருந்துச்சு. கேவல் ஒண்ணு வெளிய வந்துருச்சு. மெதுவா இல்லங்க, என் குரல்தான் உங்களுக்குச் சொன்னேனே! மண்டபம் முழுக்க அது ஒண்ணுதான் கேட்டுச்சு. அத்தனை தலையும் தூணுப் பக்கம் திரும்பிச்சு.

எனக்கு உசுரே போயிருச்சு. தாலி ஏறுற நேரத்துல தாலியறுத்தவ அழுகைச் சத்தம்! எதுக்குக் கெட்டிமேளம் கொட்டுறாங்களோ, அதே அபசகுனத்தை என் பிள்ளைக்கு நானே பண்ணிட்டேனேன்னு கூசிப்போனேன். அடக்க அடக்க இன்னும் வருது. ஐயர், "கட்டுங்கோ, நல்ல நேரம் போயிண்டிருக்கு"ன்னார். மாப்பிள்ளை தாலியைக் கையில பிடிச்சபடி அசையல.

"இருங்க சாமி, அத்தை அழுதுகிட்டு இருக்காவ"ன்னார். அம்புட்டுத்தான் சொன்னார்.

அப்ப சம்பந்தி அம்மா எந்திரிச்சாங்க. சகுனம் பார்க்கிறவங்க. சரி, வெளிய போன்னு சொல்லப் போறாங்க, சொன்னாப் போயிர வேண்டியதுதான்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நேரா என்கிட்ட வந்து, என் வாயில இருந்த முந்தானையைப் பிடுங்கினாங்க.

"மேளம் கொட்டக் கூடாதுன்னுதானே சொன்னாவ? அழக்கூடாதுன்னு எந்தப் பூச்சி சொல்லுச்சு? நல்லா அழு மதினி."

சொல்லிட்டு என் கையைப் பிடிச்சுத் தூணுக்குப் பின்னால இருந்து இழுத்துட்டு வந்து என் மக பக்கத்துல நிறுத்தினாங்க. நான் அழுதேன். ஊரு பார்க்க, உறவு பார்க்க, அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதேன். இத்தனை வருஷத்துல நான் அழுது பார்க்காத என் மக, உக்காந்த இடத்துல இருந்து என் காலைக் கட்டிக்கிட்டா. அவளும் அழுதா. ரெண்டு பேரும் ஓய்ஞ்சு மூக்கை உறிஞ்சுற வரைக்கும் அந்தப் பிள்ளை தாலியை ஏந்தின கையோட காத்துக்கிட்டு இருந்துச்சு. நான் முகத்தைத் துடைச்சிட்டுத் தலையை ஆட்டினேன். முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டார். மத்த முடிச்சை டீச்சர் போட்டாங்க. மஞ்சள் கயிறு இறுகுறப்ப என் மக மெல்லமா ஒரு மூச்சு விட்டா. அந்த மூச்சு எனக்குக் கேட்டுச்சு.

தாரை வார்த்துக் குடுத்த கையோட வெளிய காவலுக்குப் போயிருந்த என் தம்பி எட்டிப் பார்த்து, "ஒண்ணுகூட அசையலக்கா. உன் அழுகைக்கே அசையாத பூச்சி தவிலுக்கா அசையப் போவுது? கொட்டியிருக்கலாம் போல"ன்னான். அழுத கண்ணோட அத்தனை பேரும் சிரிச்சிட்டோம். ஒருத்தருக்கும் ஒரு கொட்டு இல்லாம பந்தி முடிஞ்சு, கூட்டம் கலைஞ்சு, பொண்ணும் மாப்பிள்ளையும் ராயகிரிக்குப் புறப்பட்டுப் போனாங்க.

பங்குனியில ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். போர்ட்டிகோவுக்கு அடியில வெளுத்த அடை மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு ஈ கிடையாது. போன்ல டீச்சர்கிட்டச் சொன்னேன். குஞ்செல்லாம் வளர்ந்து பறந்திருக்கும், தேனையும் குடிச்சு முடிச்சிட்டு மலைக்கு ஏறியிருக்கும்னாங்க. அடுத்த தையில அதே இடத்துக்குத் திரும்பி வந்தாலும் வருமாம். இங்க இருந்து போன ஈ அதுவரைக்கும் உசுரோட இருக்காதாம். அதுக்கப்புறம் பொறந்ததுங்கதான் வருமாம், இதுக்கு முன்னால பார்த்தே இராத வாசலுக்கு. எப்படி வழி தெரியும்னு கேட்டேன். எனக்கும் தெரியலையே அத்தைன்னாங்க. சம்பந்தி அம்மா மஞ்சத் தண்ணிக் கதையை இன்னைக்கு வரைக்கும் பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க. நானும் டீச்சரும் சத்தியத்தைக் காப்பாத்திட்டுத்தான் வர்றோம்.

இப்பவும் ஊருக்குள்ள கல்யாணம்னா முதல் ஆளாப் போறேன், மேளத்துக்குப் பக்கத்துலதான் உக்காருதேன், சத்தத்து மேல இருக்கிற ஆசை எனக்குக் கொஞ்சமும் குறையல. ஆனா கெட்டிமேளம் கொட்டி எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளை மேல அட்சதை போடும்போது, நான் மட்டும் தூணுத் தூணாப் பார்த்துப் பொண்ணைப் பெத்தவ எங்க நிக்கிறான்னு தேடுதேன்.